சத்திரக்காரன் பெண்டாட்டி

ஒரு வாரம்தான் என்று சொல்லித்தான் கொத்தனாரை வீட்டுக்குக் கொண்டுவந்தார் மெக்கானிக். அதற்குள் ஏதாவது ஓர் இல்லத்தில் இடம் கிடைத்துவிடும், பாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்றார். ஆஸ்பத்திரி வேனில் வந்திறங்கிய ஆளை விரிப்போடு தூக்கி உள்ளறைக் கட்டிலில் கிடத்திவிட்டு, வந்தவர்கள் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது நல்ல வெயில் காலம். மழை பிடித்து, தெருவில் தண்ணீர் தேங்கி, பின்சுவரில் பாசி ஏறிய பிறகும் கொத்தனார் அதே கட்டிலில்தான் கிடந்தார்.

மெக்கானிக்குக்குத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிற வேலை. தெருவில் அவருக்கு ஸ்தோத்திரம் என்று பெயர். மோட்டார் ஓடினாலும் ஸ்தோத்திரம், ஓடாவிட்டாலும் ஸ்தோத்திரம். ஸ்பானர் நழுவிக் காலில் விழுந்தால் ‘ஸ்ஸ்’ என்று வலியில் ஆரம்பித்து ‘தோத்திரம்’ என்று முடித்துவிடுவார் என்று பையன்கள் கேலி பேசுவார்கள். கெட்ட வார்த்தை தெரியாத மனுஷர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டு வார்டாக நின்று நோயாளிகளுக்கு ஜெபம் பண்ணிவிட்டு வருவது அவர் வழக்கம். அப்படிப் போன இடத்தில்தான் கொத்தனாரைப் பார்த்தார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன ஆள். சொந்தபந்தம் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இனி செய்ய ஒன்றுமில்லை, கட்டில் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. அந்த இடத்திலேயே, எங்க வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கிறவளிடம் பிறகுதான் சொன்னார்.

வீட்டில் இருக்கிறவளுக்கு லாண்டரியில் வேலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற விரிப்புகளைப் பிரித்து, கறை பார்த்து, மெஷினில் போட்டு, எடுத்து உதறி மடிக்கிற வேலை. அங்கே எந்நேரமும் ஆவி பறக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். லாண்டரியம்மா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

வேனோடு வந்திருந்த நர்ஸ்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தாள். “ஒரு கையத் தோள்ல குடுங்க, இன்னொரு கைய இடுப்புல. முட்டிய மடக்கி வெச்சுக்கிட்டு உங்க பக்கமா இழுங்க. தூக்காதீங்க, உங்க முதுகு போயிடும். ஒரே பக்கமா மட்டும் போட்டு வெக்காதீங்கம்மா. புரட்டிக்கிட்டே இருக்கணும். முதுகுல புண்ணு வந்துச்சுன்னா அப்புறம் அது ஆள விடாது.” அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் கட்டிலின் தலைமாட்டில் கண்ணை மூடி, கையை உயர்த்தி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அதனால் அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

முதல் தடவை அவள் கிட்டே போனபோது கொத்தனார் கத்தினார்.

“தொடாதே! இந்த வீட்ல ஆம்பளை யாரும் இல்லையா?”

“இருக்காரு. மோட்டார் இறக்கப் போயிருக்காரு. சாயங்காலம் வருவாரு. அதுவரைக்கும் இதுலயே கெடக்குறீங்களா?”

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வாளித் தண்ணீரோடு நின்றாள். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்கு லாண்டரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“சரி, செய்” என்றார், சுவரைப் பார்த்தபடியே.

சாயங்காலம் மெக்கானிக் வந்ததும் அவள், நாளையிலிருந்து குளிப்பாட்டுவதாவது நீங்கள் செய்யுங்கள் என்றாள். அவரும் பாவம், மறுநாள் காலையில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். விரிப்பை விலக்கினார். உடனே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. கொத்தனாருக்கும் கேட்டது.

“எனக்கு வயித்தப் புரட்டுதும்மா” என்றார் மெக்கானிக், முகத்தைத் துடைத்துக்கொண்டே. “எவ்வளவு சாக்கடைத் தண்ணிக்குள்ள இறங்கியிருக்கேன், இது மட்டும் முடியல. உனக்குத்தான் ஆண்டவர் அந்தக் கிருபையக் குடுத்திருக்காரு.”

“கிருபை இல்ல. லாண்டரி வாசனையில எனக்கு மூக்கு செத்துப்போச்சு” என்றாள் அவள்.

அன்றிலிருந்து அது அவள் வேலையானது. காலையில் எழுந்ததும் மூத்திரப் பையைக் காலி செய்து, துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பு மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு ஓடுவாள். லாண்டரியில் டீ குடிக்க விடுகிற நேரத்தில் மற்றவர்கள் கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் இரண்டு தெரு தாண்டி வீட்டுக்கு ஓடிவந்து, ஆளை ஒருக்களித்துப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடுவாள்.

“என்னம்மா, வீட்ல புது மாப்பிள்ளையா? இந்த ஓட்டம் ஓடுற?” என்று இஸ்திரி போடுகிறவள் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். திரும்பி வரும்போது டீ தீர்ந்திருக்கும்.

அவள் ஒன்றும் முகம் சுளிக்காத புண்ணியவதி இல்லை. கொல்லையில் விரிப்புகளை அலசும்போது வாய்விட்டுத் திட்டுவாள். வேலை இடத்திலும் ஊரார் விரிப்பு, வீட்டிலும் இதுவா என்று கல்லில் அடித்து அடித்துத் துவைப்பாள். மழை பிடித்த பிறகு எதுவும் காயவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டதில், வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லாரும் குனிந்துதான் வரவேண்டியிருந்தது. ஈர வாடையும் டெட்டால் வாடையும் சேர்ந்து சாப்பாட்டில்கூட வீசியது.

கொத்தனாரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கஞ்சியில் உப்பில்லை என்று ஒருநாள் தட்டைத் தட்டிவிட்டார். அவள் தரையைத் துடைத்துவிட்டு, மறுபடி கஞ்சி ஊற்றி, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார். முழுவதையும் குடித்தார். அதற்குப் பிறகு தட்டைத் தட்டிவிடவில்லை.

பேச ஆரம்பித்த பிறகு அவர் பேச்செல்லாம் சுவரைப் பற்றித்தான். “இந்தச் சுவத்தப் பூசுனவன் தூங்கிக்கிட்டே பூசியிருக்கான். நடுவுல பாரு, வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. மாசமா இருக்கு போல.” அவள் விரிப்பை மாற்றிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். இத்தனை வருஷமாக அவள் கண்ணில் படாத புடைப்பு அது. “மட்டம் புடிக்காம பூசினா இப்படித்தான். எனக்கு மட்டும் கால் இருந்துச்சுன்னா உளிய எடுத்துக் கொத்தி எறிஞ்சிருப்பேன், தங்கச்சி.”

தங்கச்சி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

சாயங்காலம் மெக்கானிக் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார். நீளமான ஜெபம். கொத்தனாருக்குச் சாமியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நடுநடுவே பலமாக ஆமென் சொல்லுவார். சொன்னால் சீக்கிரம் முடியும் என்று அவளிடம் ரகசியமாகச் சொன்னார்.

“உன் புருஷன் தங்கமான ஆளு தங்கச்சி. ஆனா ஒண்ணு, என்கிட்ட வந்தாலே கண்ண மூடிக்கிறாரு. நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாவது என்னப் பாக்குற.”

“பாக்காம எப்படித் தொடைக்கிறது?” என்றாள் அவள்.

மழை தொடங்கிய சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மெக்கானிக்கை முன்னே கூப்பிட்டு நிறுத்தினார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு மனதுருகி, காயம் கட்டி, தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷனைப் பற்றி அன்றைக்குப் பிரசங்கம். அப்படிப்பட்டவர் நம்ம சபையிலேயே இருக்கார் என்று பாஸ்டர் சொன்னதும் சபை முழுக்கக் கை தட்டியது. மெக்கானிக் தலைகுனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லா மகிமையும் ஆண்டவருக்கே என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் ஜன்னல் வழியாக இருட்டிக்கொண்டு வருகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் இரண்டு விரிப்புகள் கிடந்தன.

திரும்பி வரும்போது ஒரே குடைக்குள் நடந்தார்கள்.

“ஏங்க, அந்தக் கதையில ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“அந்த ஆளு அவனச் சத்திரத்துல விட்டுட்டு மறுநாள் கிளம்பிப் போயிட்டாரு இல்ல?”

“ஆமா. பாத்துக்கன்னு சத்திரக்காரன்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போனாரு.”

“அப்புறம் அவனுக்கு யாரு தொடைச்சுவிட்டது? யாரு கஞ்சி ஊத்துனது? சத்திரக்காரனா செஞ்சிருக்கப் போறான்? அவன் பொண்டாட்டிதான் செஞ்சிருப்பா. அவளப் பத்தி ஒரு வார்த்தையாவது இருக்கா?”

மெக்கானிக் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் குடையில் மழை விழுகிற சத்தம்தான்.

அந்த வாரமே மகளிடமிருந்து போன் வந்தது. ஒரே மகள், வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூரில் இருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, கரைக்கு வர நாளாகும். இரண்டு தடவை கரு கலைந்து மூன்றாவதாகத் தங்கியிருந்தது. இப்போது மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது, படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று அழுதாள்.

“அம்மா, நான் அங்க வரட்டுமா?”

“இது என்ன கேள்வி? உன் வீட்டுக்கு வர்றதுக்கு எங்கிட்டக் கேப்பியா?”

மகள் வந்தாள். வாசலில் தொங்கிய விரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே ஓரடி வைத்தவள் அப்படியே குமட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எந்த வாடையும் ஆகாத நேரம் அது. கூடத்துச் சோபாவில் ஈர விரிப்புகளுக்கு நடுவே அவளைப் படுக்க வைத்தார்கள். உள்ளறையிலிருந்து கொத்தனார் இருமினால்கூட அவள் திடுக்கிட்டாள். உள்ளே பெட்பேன் போவதும் வருவதும் அவள் தலைமாட்டு வழியாகத்தான். சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள், உள்ளே இருப்பது விழுந்துவிடுமோ என்கிற மாதிரி.

மறுபடியும் ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்த அன்று மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நான் கெட்டவளா இருந்துட்டுப் போறேன். என்னால முடியலம்மா. அவரு இருக்கட்டும்னா சொல்லிடு, நான் வேற எங்கயாவது போயிடுறேன்.”

அன்றைக்குச் சமையலறையில் வைத்துப் புருஷனிடம் பேசினாள்.

“என்ன செய்யலாம்?”

“ஆண்டவர் ஒரு வழியத் திறப்பாரு.”

“எந்த வழின்னு நீங்க சொல்லுங்க. அவர் வெளிய போகணும், இல்லன்னா பாப்பா வெளிய போகணும். மூணாவது ரூம் நம்மகிட்ட இல்ல.”

“நான் எப்படிச் சொல்லுவேன்? அன்னைக்குத்தான் அத்தனை பேருக்கு முன்னாடி... என்னை எல்லாரும் என்ன நினைப்பாங்க?”

“அதுதான் கஷ்டமா?”

அவர் அடுப்புத் திண்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

“நானே சொல்றேன் விடுங்க. என்னை யாரும் முன்னாடி கூப்பிட்டு நிறுத்தல” என்றாள்.

அவளேதான் பாஸ்டரைப் பார்த்து, ஊருக்கு வெளியே யாரோ நடத்துகிற ஓர் இல்லத்தில் இடம் கேட்டு வாங்கினாள். அவளேதான் கொத்தனாரிடமும் சொன்னாள். துடைத்து முடித்து, பவுடர் போட்டு, விரிப்பை இழுத்துச் செருகிய பிறகு சொன்னாள். சொல்லும்போது செருகின இடத்தையே மறுபடி மறுபடி செருகிக்கொண்டிருந்தாள்.

“பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல. உங்களுக்கு ஒரு எடம் பாத்திருக்கு. அங்கே ஆளுங்க இருப்பாங்க. நல்லா கவனிச்சுக்குவாங்க.”

கொத்தனார் அந்தப் புடைத்த சுவரைப் பார்த்தார்.

“புரட்டிப் போடுவாங்களா?” என்று கேட்டார்.

“போடுவாங்க” என்றாள். அவளுக்கு அது தெரியாது.

வேன் வந்த அன்று மெக்கானிக் குழந்தை மாதிரி அழுதார். அவர் தலைமாட்டில் நின்று அழ, கொத்தனார் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, “அழாதீங்க ஐயா, நீங்க எனக்கு எவ்வளவோ செஞ்சீங்க” என்றார். வாசலில் வந்து நின்ற எதிர்வீட்டு டீச்சரிடம் போய்வருகிறேன் என்று தலையாட்டினார். கூடத்தில் படுத்திருந்த மகளைப் பார்த்து, “நல்லபடியாப் பெத்து எடும்மா” என்றார். லாண்டரியம்மா அவர் காலைப் போர்வையால் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவள் கை தோளில் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வேன் கதவைச் சாத்துகிறவரை திறக்கவில்லை.

உள்ளறையை அவள் பினாயில் விட்டுக் கழுவினாள். மகளை அங்கே படுக்க வைத்தாள். வாடை போயிற்று, விரிப்புகள் குறைந்தன, கயிறுகளை அவிழ்த்தாள். நிமிர்ந்து நடக்கிற வீடாயிற்று. ஆனால் லாண்டரியில் டீ நேரம் வந்ததும் அவள் கால் தானாக வாசல் பக்கம் போகும். இரண்டு மூன்று தடவை பாதித் தெரு வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். இஸ்திரி போடுகிறவள் அதைப் பார்த்தும் கேலி பேசவில்லை. ஒரு டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனால் மகளை விட்டு அகல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் போய்விட்டு வந்தார்.

“எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரு. ஸ்தோத்திரம்.”

“என்னக் கேட்டாரா?”

“எல்லாரையும் விசாரிச்சாரு.”

அதற்கு மேல் அவர் சொல்ல மாட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போய்விடுவார். பிறகு ஒருநாள், இனி அடிக்கடி போக வேண்டியதில்லை, அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார்.

மகளுக்கு நாள் நிறைவதற்கு முன்னாலேயே வலி எடுத்தது. எடை குறைந்த பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து கொடுத்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆசை தீர அழுதாள். குழந்தை பால் குடிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் சபைக்குப் போனதும் எதிர்வீட்டு டீச்சரை மகளுக்குத் துணை வைத்துவிட்டுக் கிளம்பினாள். தூக்கில் கஞ்சி, தனியாக உப்பு, அவித்த முட்டை. துவைத்து மடித்த விரிப்பு ஒன்று.

பஸ்ஸை விட்டு இறங்கிச் சேற்றில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். இரண்டு பக்கமும் கட்டில்கள். மழை நின்றும் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கதவோரம் ஒரு வாளி நிறைந்து வழிந்தது. செத்துப்போனதாக அவள் நினைத்திருந்த மூக்கு அங்கே நுழைந்ததும் உயிர் பெற்றுவிட்டது.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் கேட்டாள்.

“கொத்தனாரா? இடுப்பு விழுந்தவரு, சுவத்தப் பாத்துத் திட்டிக்கிட்டே கெடப்பாரே, அவரா?” ஆயா துடைப்பத்தை நிறுத்தினாள். “அவரு போயிட்டாரேம்மா. போன மாசமே. உங்களுக்குத் தெரியாதா? போன் பண்ணோமே. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் வருவாரு, அவர்தான் வந்து கூடவே இருந்து அடக்கம் பண்ணிட்டுப் போனாரு.”

தூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள்.

“எப்படி?”

“முதுகுல புண்ணு. எலும்பு வரைக்கும் போயிடுச்சு. காய்ச்சல் வந்துச்சு, அதோட சரி.” ஆயா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கோபம் மாதிரி குரலை உயர்த்தினாள். “நாங்க ரெண்டே பேருதான்மா இருக்கோம். இத்தனை பேத்த எத்தனை தடவை புரட்டுறது? எங்க கை மட்டும் இரும்பா?”

“நான் உங்களக் கேக்கலயே” என்றாள் அவள்.

அந்தக் கட்டில் எது என்று ஆயா காட்டினாள். அதில் இப்போது வேறொருவர் கிடந்தார். தாடி மண்டின, ஒடுங்கின முகம். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவராம். அவள் தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போல.

“அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி விடுறீங்களா? காலையிலேருந்து இதே பக்கம்தான். முதுகு எரியுது.”

அவள் தூக்கைத் தரையில் வைத்தாள். தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. முட்டியை மடக்கித் தன் பக்கமாக இழுத்தாள். அவர் கொத்தனாரைவிட லேசாக இருந்தார். முதுகில் சிவந்த இடம் தெரிந்தது. தோல் இன்னும் விட்டுப்போகவில்லை. ஆயாவிடம் தண்ணீர் வாங்கித் துடைத்தாள், நனைந்த விரிப்பை உருவிவிட்டுக் கொண்டுவந்ததை விரித்தாள். கஞ்சியை ஊட்டினாள். அவர் அவசர அவசரமாகக் குடித்தார்.

“நீங்க எந்தச் சபைம்மா?”

“நான் லாண்டரியில வேலை பாக்குறேன்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் கையைத் தூக்கினார். அதற்கடுத்தவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.

மெக்கானிக் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எங்கே போனாள் என்று டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். அவள் செருப்பில் ஒட்டின சேற்றைப் பார்த்தார்.

“பாப்பாவுக்கு வலி எடுக்குற நேரம். அப்போ எப்படிச் சொல்றது?”

“குழந்தை பொறந்து எத்தனை நாளாச்சு?”

அவர் பார்வையைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே குழந்தை சிணுங்கி அடங்கியது.

“என்னக் கேட்டாரா இல்லையா? உண்மையச் சொல்லுங்க.”

“கேட்டாரு.” மெக்கானிக் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார். “ஒவ்வொரு தடவையும் கேட்டாரு. போன உடனே நான் ஜெபம் பண்ண ஆரம்பிப்பேன். ஒருநாள் நடுவுலயே நிறுத்தச் சொன்னாரு. ‘ஐயா, ஜெபம் போதும். தங்கச்சிய ஒரு நாள் வரச் சொல்லுங்க, முதுக ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க’ன்னாரு.”

“அத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“உன்ன அலைய வெக்க வேணாம்னுதான்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். “இல்ல. அது பொய். எனக்குக் கோவம் வந்துருச்சு. அவரக் கொண்டாந்தது நான். வாராவாரம் மழையில போனது நான். அவரு உன்னக் கேக்குறாரு. எனக்குப் பொறுக்கல. அந்தச் சமயத்துல நான் அவரு முதுகப் பாத்திருக்கலாம். பாக்கல. கண்ண மூடி ஜெபத்த முடிச்சுட்டு வந்துட்டேன்.”

ஆண்டவரையும் ஸ்தோத்திரத்தையும் நடுவில் இழுக்காமல் அவர் தன்னைப் பற்றி இவ்வளவு பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டினால், கொத்தனாரிடம் அவள் தெரியாமலே சொன்ன ‘போடுவாங்க’வும் நடுவில் வந்து நிற்கும். எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் வேண்டிய வார்த்தை மட்டும் பேசிக்கொண்டார்கள். குழந்தைக்கு வெந்நீர், மருந்து, கதவைச் சாத்து. அவ்வளவுதான். சனிக்கிழமை லாண்டரியில் ஓரம் கிழிந்து கழித்துப்போட்ட விரிப்புகளைக் கேட்டு வாங்கி மூட்டையாகக் கட்டிக்கொண்டுவந்தாள். மேனேஜர் எதற்கு என்று கேட்கவில்லை. கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கும்போது மூட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“வாங்க.”

“எங்க?”

“அங்க கட்டில் கட்டிலா ஆளு கெடக்கு. நான் ஒருத்தி எத்தனை பேரப் புரட்டுறது?”

அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். பஸ்ஸில் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரைக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் அவர் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நின்றார். கண்டக்டர் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அங்க இல்ல” என்றாள் அவள். “இந்தப் பக்கம் வாங்க. சட்டைக் கைய மடிச்சு விடுங்க.”

அவர் கட்டிலைச் சுற்றிவந்தார். அவள் விரிப்பை விலக்கினாள். அவர் முகம் வெளிறியது. கன்னம் இரண்டும் உள்வாங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு, கட்டில்களுக்கு நடுவே தடுமாறி, வாசலுக்கு வெளியே ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. ஆயா திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

“ஐயாவுக்கு முடியல போல. விடுங்கம்மா” என்றார் கண்டக்டர்.

அவள் துணியை நனைத்துப் பிழிந்தாள். சிவந்த இடம் போன வாரத்தைவிடக் கறுத்திருந்தது. இனி தனியாகத்தான் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோளுக்கு ஒரு கையைக் கொடுத்து, இடுப்புக்கு இன்னொரு கையைக் கொண்டுபோனாள்.

கட்டிலின் அந்தப் பக்கம் நிழல் விழுந்தது. வாசல் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு அவர் வந்து நின்றார். சட்டையின் முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் திறந்திருந்தது.

“எங்க புடிக்கணும்னு சொல்லு” என்றார்.